குருதிக் கொடையாளருக்கு வழியனுப்பு விழா

ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடியவற்றுள் ரத்தத்தைவிடப் புனிதமானது இந்த உலகத்தில் எதுவுமே கிடையாது. பொன்னைக் கொடுக்கலாம், மண்ணைக் கொடுக்கலாம். உடம்புக்குள் ஓடுகிற உயிரையே அள்ளிக் கொடுப்பவன்தான் மனிதருள் மாணிக்கம்.

இதை மைக்செட் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறார். கொடுத்தது மட்டும் இல்லை. ஊசியைக் கண்டால் அவருக்கு உள்ளங்கால் கூசும்.

மைக்செட் என்பது அவருடைய தொழில். நாளடைவில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. விழா, கூட்டம், பிரசாரம் என்று எது நடந்தாலும் மைக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுவார். மற்ற கடைக்காரர்கள் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று சொல்லி மைக்கைச் சோதித்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார்கள். இவர் ‘அவையோர்களே’ என்று தொடங்குவார். விழாத் தலைவரே வந்து தோளைத் தொட்டால்தான் சோதனை முடியும். குடியிருப்போர் நலச் சங்கத்தில் அவரைத் தலைவராக்கியதும் இதனால்தான். தலைவர் என்றால் கடைசியாகத்தான் பேசுவார், அதற்குள் நாம் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்று உறுப்பினர்கள் கணக்குப் போட்டார்கள்.

அவருக்கு ஒரே தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளின் விளிம்பைச் சக்கரத்தில் தேய்த்துச் சட்டத்துக்குள் பொருத்துகிற வேலை. அவள் வாயும் அந்தச் சக்கரம் மாதிரிதான்; யார் அகப்பட்டாலும் விளிம்பைத் தேய்த்துவிடும். முக்கால்வாசி நேரம் அகப்பட்டது அண்ணன்.

அப்படிப்பட்டவளின் கைகளில் திடீரென்று ஒருநாள் நீலத் திட்டுகள் தெரிந்தன. எங்கேயும் இடித்துக்கொண்டதாக ஞாபகம் இல்லை. பல் துலக்கினால் ரத்தம், மூக்கைச் சிந்தினால் ரத்தம். ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையே கெட்டுப்போய்விட்டது என்றார்கள். கெட்டதை அழிக்கக் கொடுத்த மருந்து நல்லதையும் சேர்த்து அழித்தது. ரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு தவிர மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. தட்டணுக்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது பிளேட்லெட். உடம்பில் எங்கே கசிந்தாலும் ஓடிப்போய் அடைப்பது அவைதான். அவள் உடம்பில் அடைப்பதற்கு ஆள் இல்லாமல் போயிற்று.

முதலில் யார் யாரோ கொடுத்த பிளேட்லெட்டை ஏற்றினார்கள், தாக்குப்பிடித்தது. பிறகு அவள் உடம்பு அந்நியரைக் கண்டுகொள்ளத் தொடங்கியது. காலையில் ஏற்றியது சாயங்காலத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் அழிந்தது. கூடப்பிறந்தவர்களுக்குத் திசு ஒத்துப்போக வாய்ப்பிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். கூடப்பிறந்தவர் ஒருவர்தான். பார்த்தார்கள், ஒரே அச்சில் வார்த்தமாதிரி ஒத்துப்போயிற்று.

அந்தச் செய்தி வந்த அன்று மைக்செட் வார்டுக்குள் நுழைந்த நடையிலேயே மாலை விழுந்த களை தெரிந்தது.

தங்கை தலையணையில் சாய்ந்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். உதட்டோரம் காய்ந்த ரத்தம்.

“இத்தனை பேரைப் பாத்துட்டுக் கடைசில எனக்கு உன்னோடதுதான்னு எழுதியிருக்கு பாரு, அண்ணே. இதுக்கு நோயே தேவலாம்.”

“ஏய், சும்மா இரு” என்றார் அவள் கணவர். அவர் பஸ் டிரைவர். சீருடையைக் கழற்ற நேரமில்லாமல் நேராக வந்திருந்தார்.

“இல்லங்க, யோசிச்சுப் பாருங்க. உள்ள போனதும் அது பேச ஆரம்பிச்சா நான் என்ன பண்றது? அர்த்த ராத்திரியில உள்ளயிருந்து அவையோர்களேன்னு சத்தம் வந்தா பக்கத்து பெட்காரங்க எந்திரிச்சு ஓடிட மாட்டாங்களா?”

“சிரிம்மா, நல்லா சிரி” என்றார் மைக்செட். “உனக்காக உயிரையே குடுப்பேன். பிளேட்லெட் எம்மாத்திரம்?”

“உயிரை நீயே வெச்சுக்கோ. நான் கேக்கறது சின்னப் பை. நாளைக்குக் குடுத்துடுவியா?”

“கொடுத்தேன் என்றே வைத்துக்கொள்” என்றார் மைக்செட், மேடைத் தமிழில்.

வெளியே நடைக்கு வந்ததும் டிரைவர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். “மச்சான், டாக்டர் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. அளவு அடியோட இறங்கிடுச்சாம். இப்படியே விட்டா எங்க வேணா கசியலாமாம். தலைக்குள்ளகூட. நாளைக்கு எப்படியாவது ஏறிடணும்.”

“மாப்பிள்ளை, நான் இருக்கேன் இல்ல?” என்றார் மைக்செட். அவர் இருந்தார். அதில் சந்தேகமே கிடையாது.

பிளேட்லெட் எடுக்கும் அறை மாடியில் இருந்தது. சாய்வுப் படுக்கை ஒன்று, பக்கத்தில் துணி துவைக்கும் எந்திரத்துக்குக் கண்ணும் காதும் முளைத்தமாதிரி ஒரு எந்திரம். அங்கே வேலை பார்க்கும் பெண் அவர் கைகளைத் தட்டி நரம்பு பார்த்தாள், சோதனைக்கு ரத்தம் எடுத்தாள். அந்த நேரம் முழுக்க மைக்செட் சுவரில் இருந்த காலண்டரை முறைத்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வேண்டியதையெல்லாம், கடைசி ஸ்டாப்பில் ஆளை இறக்கிவிடுகிற கண்டக்டர் வேகத்தில் ஒரே மூச்சில் சொன்னாள்.

“ஒரு கையிலேருந்து ரத்தம் எடுப்போம், மிஷின் அதைச் சுத்தி பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சுப் பையில விடும், மீதி எல்லாம் இன்னொரு கை வழியா உங்களுக்கே திரும்பி வந்துடும், ஒன்றரை மணி நேரம் ஆகும், ரெண்டு கையையும் அசைக்கக் கூடாது, ஆஸ்பிரின் போடலைன்னு சொன்னீங்க, நாளைக்குக் காலையில எண்ணெய், வெண்ணெய், கறி எதுவும் வேண்டாம், லேசா சாப்பிட்டு நிறையத் தண்ணி குடிச்சிட்டு வாங்க, புரிஞ்சுதா சார்?”

“அம்மா, ஒன்று சொல்கிறேன் கேள்” என்று தொடங்கினார் மைக்செட். “நீ செய்வது தொழில் அல்ல, தொண்டு.”

“சரிங்க சார்” என்று அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். குதிகாலை உரசிக்கொண்டிருந்த புதுச் செருப்பைப் பற்றித்தான் அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தாள்.

செய்தி சங்கத்துக்கு எப்படிப் போயிற்று என்று மைக்செட்டுக்குத் தெரியாது. அவர்தான் சொல்லியிருந்தார். சங்கச் செயலாளர் டயர்க் கடை வைத்திருப்பவர், எதையும் காற்றடித்துப் பெரிதாக்கப் பழகிய கை. மறுநாள் காலை குடியிருப்பின் பொதுக்கூடத்தில் ‘குருதிக் கொடையாளருக்கு வழியனுப்பு விழா’ என்று பேனர் தொங்கியது. அதில் மைக்செட்டின் முகம் ஆளுயரத்துக்கு இருந்தது. தங்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இடம் போதவில்லையாம்.

மைக்செட்டின் மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காதோரம் வந்தாள். “என்னங்க, அங்க என்ன போட்டிருக்காங்கன்னு பாத்தீங்களா? வெண்ணெயில முட்டை, எண்ணெயில கோழி, ஏடு மிதக்கற பால். எண்ணெய் வேண்டாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது பலவீனமானவங்களுக்கு.”

“நீங்க இப்ப மேடை ஏறப் போறீங்களா, ஊசி குத்திக்கப் போறீங்களா?”

“ரெண்டும்” என்றார் மைக்செட். அதில் ஒன்று முடிந்தால்தான் மற்றதற்குத் தைரியம் வரும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பேசினார். மைக் அவருடையதே என்பதால் தோளைத் தொட யாரும் துணியவில்லை. பிறகு டயர்க் கடைக்காரர் ஒரு முட்டையை எடுத்துப் புகைப்படக்காரர் பக்கம் திரும்பியபடி அவர் வாயில் ஊட்டினார். “தெம்பு வேணும் தலைவரே! காஞ்சுபோன ரத்தத்தையா தங்கச்சிக்குக் குடுப்பீங்க?”

நியாயமாகச் சொன்னால், மைக்செட்டின் மனதை அசைத்தது அந்தக் கேள்விதான். தங்கை இளைத்து எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள். தன் உடம்பிலிருந்து அவளுக்குப் போவது வெறும் தண்ணீராகவா போக வேண்டும்? சத்தாகப் போகட்டும். வெண்ணெயும் கோழியும் குழாய் வழியாக அவள் கன்னத்தில் போய்ச் சேருவதை அவர் கண்ணாரக் கண்டார். முதல் தட்டைப் பெருமைக்காகச் சாப்பிட்டார் என்றால் இரண்டாவது தட்டைப் பாசத்துக்காகச் சாப்பிட்டார். பாலை ஏட்டோடு குடித்தார். “இது அவளுக்கு” என்றுகூட ஒரு வாய் சொல்லிச் சாப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டாள். “காலையில என்ன சார் சாப்பிட்டீங்க?”

“லைட்டாதான்.”

குழாயைச் சுழலவிட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் சிவப்பு தங்கியிருந்தது. மேலே நிற்பது தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். சுவருக்கு அடிக்கக் கரைத்துவைத்த வெள்ளை மாதிரி இருந்தது. அவள் குழாயைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி குழாயைப் பார்த்தாள்.

“லைட்டாவா?”

“கொஞ்சம் வெண்ணெய்…”

“இன்னிக்கு எடுக்க முடியாது சார்.”

“ஏம்மா? நல்ல சத்துள்ள ரத்தம் அது!”

“சத்து இல்ல சார், கொழுப்பு. மிஷின்ல ஒரு கண்ணு இருக்கு, வெளிச்சம் விட்டுத்தான் எதுலேருந்து எது பிரியுதுன்னு பாக்கும். இதுக்குள்ள வெளிச்சமே போகாது. பிரிக்கவும் முடியாது, பிரிச்சாலும் நோயாளிக்கு ஏத்த முடியாது.”

“வடிகட்டிப் பாத்தா?”

அவள் குழாயைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நாற்காலியில் காத்திருந்த யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

“நாளைக்குத் தெளிஞ்சிடும். முதல் ஆளா வாங்க. இன்னிக்கு முழுக்க எண்ணெய் வாசனைகூடப் படக் கூடாது. தண்ணி மட்டும் நிறையக் குடிங்க.” படிவத்தைப் புரட்டினாள். “உங்க தங்கச்சியா சார்?”

“ஆமா.”

அவள் நாளைய பட்டியலில் அவர் பெயரை முதலில் எழுதினாள். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம் என்று மைக்செட்டுக்குத் தோன்றியது.

கதவுக்கு வெளியே டிரைவர் காத்திருந்தார். “முடிஞ்சுதா மச்சான்? அதுக்குள்ளயா?”

“மிஷின் ரிப்பேர், மாப்பிள்ளை.” மைக்செட் தன் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

டிரைவரின் முகம் விழுந்தது. ஆனால் அவர் எந்திரங்களோடு பழகியவர். எந்திரம் என்றால் அவருக்கு நம்பிக்கை போகாது. “எதுல பிரச்சனையாம்?”

“அது… சுத்தற இடத்துல.”

“பேரிங் போயிருக்குமோ?”

“பேரிங்தான்.”

“பேரிங்னா நான் பாக்கறேன் மச்சான்! எங்க டிப்போவுல ஆள் இருக்கான், அரை மணி நேரத்துல கொண்டாந்து மாத்திடுவான். நான் உள்ள போய்க் கேக்கறேன்.” அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மைக்செட் கதவை மறித்து நின்றார். “வேண்டாம் வேண்டாம், அதெல்லாம் கம்பெனி ஆளுங்கதான் தொடணுமாம். நம்ம கை பட்டா கிருமி.”

டிரைவர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வாசலில் இருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, கதவருகே அப்படியே நின்றார். கூப்பிட்டால் போகலாம் என்று.

தங்கையின் மூக்கில் பஞ்சு அடைத்திருந்தார்கள். குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

“மிஷின் ரிப்பேராமே? என்ன அண்ணே பண்ணினே? பேசிட்டியா அதுகிட்ட?”

மைக்செட் சிரிக்கப் பார்த்தார். பழைய மைக்செட்டாக இருந்தால் மூன்று பதில் சொல்லியிருப்பார். அவள் கணவர் தண்ணீர் பிடித்து வரப் போயிருந்தார். அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். விளிம்பு சரியாக உட்காருகிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிற பார்வை அது.

“பயந்துட்டியா?”

“யாரு?”

“நீதான். ஊசிக்கு. எனக்குத் தெரியாதா உன்னைப் பத்தி? பள்ளிக்கூடத்துல தடுப்பூசி போட வந்தப்ப ரெண்டு தடவையும் எனக்கே போட்டாங்க, நீ பெஞ்சுக்கு அடியில கிடந்தே.”

மைக்செட்டின் வாயில் வெண்ணெய் இன்னும் மணத்தது. பயம் என்றால் மனிதனுக்கு உள்ளதுதான், மன்னிக்கத் தக்கது. கோழி அப்படியல்ல.

“ஆமாம்மா” என்றார். “கொஞ்சம் பயந்துட்டேன்.”

அவள் முகத்தில் கேலி போய்விட்டது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையை மெல்ல நகர்த்தி அவர் கைமேல் வைத்தாள். “பரவாயில்ல அண்ணே. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கோ. நான் அப்படித்தான் பண்றேன்.”

அவர் தலையாட்டினார். எழுந்து போகும்வரை வேறெதுவும் பேசவில்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவள் கணவரிடம் கேட்டாளாம்.

வீட்டுக்கு வரும்போது டயர்க் கடைக்காரர் காலை விழாப் படங்களைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். ‘தங்கையின் உயிர் காத்த தலைவர்!’ அடியில் கைதட்டல்களும் பூங்கொத்துகளும் வரிசைகட்டி நின்றன. மறுப்புத் தெரிவிக்க மைக்செட் இரண்டு முறை விரலை வைத்தார். இரண்டு முறையும் விரல் போய்க் கும்பிடு பொம்மையில் நின்றது.

“ஏத்திட்டாங்களா?” என்று மனைவி கேட்டாள்.

“நாளைக்கு.”

“ஏன்?”

அவர் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தார். அவள் ரொட்டியைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்து, திறந்த வாயோடு அடுப்படிக்குப் போய், நேற்று வாங்கிவைத்த நெய்ப் பாட்டிலை அலமாரியின் உள்ளே தள்ளி மூடினாள்.

விடிந்தும் விடியாததுமாக டிரைவர் போன் செய்தார். தலை வலிக்கிறது என்றாளாம், வாந்தி எடுத்தாளாம், பிறகு கூப்பிட்டதற்குக் கண்ணைத் திறக்கவில்லையாம். தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். “தலைக்குள்ளதான் கசியுதாம் மச்சான். பிளேட்லெட் ஏறினா ஒருவேளை நிக்கலாம்ங்கறாங்க. பேரிங் மாத்திட்டாங்களா, கேட்டீங்களா?”

“மாத்திட்டாங்க” என்றார் மைக்செட், செருப்பைத் தேடிக்கொண்டே.

போகிற வழியெல்லாம் தண்ணீர் குடித்தார். இரவு முழுக்கவும் அதைத்தான் செய்திருந்தார். சொன்னதைக் கேட்காமல் நேற்றுக் கெட்டதை இன்று சொன்னதற்கு மேலேயே கேட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்பதுபோல், செம்பு செம்பாக, பாட்டில் பாட்டிலாக.

குழாயின் மேல்பாதி தெளிந்த மஞ்சளாக நின்றது. “இன்னிக்கு நல்லா இருக்கு சார்” என்றாள் அந்தப் பெண். “பாத்ரூம் போறதா இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க.”

“வேண்டாம், வேண்டாம். ஆரம்பிங்க” என்றார் மைக்செட். ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க அவருக்கு மனமில்லை. அந்த ஒன்று மட்டும் வேஷமில்லை.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வலது கையில் ஒரு ஊசி, இடது கையில் ஒரு ஊசி. உள்ளங்கால் கூசி முடிந்து கண்ணைத் திறந்தபோது எந்திரம் முனகிக்கொண்டு சுற்றியது. ஒரு குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பாகப் போயிற்று; இன்னொரு குழாயில் திரும்பி வந்தது. திரும்பி வருவது சில்லென்று இருந்தது. உடம்பு நடுங்கவே, அந்தப் பெண் கம்பளிப் போர்வை ஒன்றை இடுப்புக்குக் கீழே போர்த்திவிட்டாள். மேலே தொங்கிய பையில் மஞ்சளாக என்னவோ துளித் துளியாகச் சேர்ந்தது.

“இதுதானா?”

“இதுதான் சார் பிளேட்லெட்.”

மைக்செட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரத்தம் என்றால் சிவப்பாக, பார்த்தவர் கண் கலங்குகிறமாதிரி இருக்க வேண்டாமா? இது நீர்த்துப்போன எலுமிச்சைச் சாறு மாதிரி இருந்தது. இதை வைத்து மேடையில் என்ன பேசுவது? ஆனாலும் அவர் பார்வை அதைவிட்டு நகரவில்லை. ஒவ்வொரு துளிக்கும் ‘போ, போ’ என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உதடு விறுவிறுத்தது. பிறகு விரல் நுனி.

“அம்மா, எனக்கு என்னவோ ஆகுது. ஹார்ட் அட்டாக்.”

“இல்ல சார். ரத்தம் உறையாம இருக்க மிஷின்ல ஒரு மருந்து கலக்கும். அது உள்ள திரும்பி வரும்போது கால்சியம் குறையும், அதான். வாயைத் திறங்க.” சுண்ணாம்புக் கட்டி மாதிரி இரண்டு மாத்திரையை வாயில் போட்டாள். “மென்னுங்க.”

மைக்செட் மென்றார். உதடு அவர் சொன்னபடி அசையவில்லை. வாயெல்லாம் வெள்ளைமாவு. அந்த அறையில் பேச்சு என்று இருந்தது எந்திரத்துக்கு மட்டும்தான்.

பை பாதி நிறைந்தபோது இன்னொரு தொல்லை முட்டியது. குடித்த தண்ணீரெல்லாம் ஒன்றுகூடித் தீர்மானம் போட்டுவிட்டது. இரண்டு கைகளும் கட்டுப்பட்டுக் கிடக்கின்றன. அந்தப் பெண்ணிடம் சொன்னால் பாட்டில் வைக்க வேறு ஆளைக் கூப்பிடுவாள், எந்திரத்தைக் கொஞ்சம் நிறுத்துவாள், நேரம் போகும். அதோடு, சங்கத் தலைவர் ஒருவர் எந்த மொழியில் இதைச் சொல்வது? பொறுத்துக்கொள் என்று தனக்குத் தானே ஆணையிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பையைப் பார்த்தார். முக்கால் ஆகிவிட்டால் போதும். கீழே இரண்டு மாடிதான். ஓடினால் ஏறிவிடும்.

கதவு திறந்தது. டிரைவர் நின்றார். அன்றைக்குச் சீருடை இல்லை. பனியனுக்கு மேல் யாருடைய சட்டையையோ போட்டிருந்தார்.

“பாதிக்கு மேல ஆயிடுச்சு மாப்பிள்ளை” என்றார் மைக்செட் அவசரமாக. “இன்னும் கொஞ்சம்தான்.”

“நிறுத்தச் சொல்லிடுங்க மச்சான்.”

“ஏன்? இன்னும் நிறையலையே.”

“வேண்டாம்னுட்டாங்க. இனிமே வேண்டாமாம்.”

மைக்செட் எழப் பார்த்தார். எந்திரம் கூவியது. “கையை ஆட்டாதீங்க சார்” என்று பழக்கத்தில் சொன்ன அந்தப் பெண், சொன்ன பிறகுதான் டிரைவரின் முகத்தைப் பார்த்தாள்.

“போயிட்டா மச்சான்” என்றார் டிரைவர். “இப்பதான். நான் கையைப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன், எனக்கே தெரியல.”

எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் துளி ஒன்று விழுந்தது. அடுத்தது விழுந்தது.

“எந்திரிச்சு வாங்க மச்சான்” என்றார் டிரைவர். “கீழ கொண்டு போயிடுவாங்க. முகத்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. வேற யாரு இருக்கா அவளுக்கு?”

அந்தப் பெண் தயங்கிக்கொண்டே முன்னால் வந்தாள். “கேக்கக் கூடாத நேரம் சார். ஆனா கேக்காம இருக்க முடியாது. நீங்க போகணும்னா இப்பவே கழட்டிடறேன், போய்ப் பாருங்க. ஆனா பையில இருக்கறது யாருக்கும் பத்தாது, கீழதான் கொட்டணும். இன்னும் இருபது நிமிஷம் ஓடினா குழந்தைங்க வார்டுல ஒரு பையனுக்கு ஏத்தலாம். காத்துக்கிட்டிருக்காங்க. உங்க இஷ்டம்தான், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.”

மைக்செட் கூரையைப் பார்த்தார். டிரைவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், எழுப்பிவிட.

“ஓடட்டும்” என்றார் மைக்செட்.

“மச்சான்?”

“ஓடட்டும் மாப்பிள்ளை. நீங்க போங்க. நான் வரல.”

டிரைவருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவர் குனிந்து மைக்செட்டின் தோளில் நெற்றியை வைத்து அழுதார். “அவ உங்களைக் கேலி பண்ணாத நாள் கிடையாது மச்சான். நானும் கூடச் சேர்ந்து சிரிச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க. கூடப்பொறந்த ஒரே தங்கச்சி முகத்தைக்கூடப் பாக்காம யாரோ ஒரு புள்ளைக்காக… இந்த மனசு யாருக்கு வரும்?” முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனியாகப் படியிறங்கிப் போனார்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். “இத்தனை வருஷத்துல உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததில்ல சார்” என்றாள். வாசலில் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் கும்பிட்டார்.

போர்வைக்கு அடியில் மைக்செட்டின் பேண்ட் முழுக்க நனைந்திருந்தது.